தேய்க்கப்பிடாது

“புல்லட்டுக்கு மேட் பிளாக் அடிக்கணும் மக்கா.”

ஸ்டெனி பெயிண்ட் துப்பாக்கியைக் கீழே வைத்தான். கோட்டாறில் ஒன்பது வருடமாக வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறான். அறுபது வயதுக்காரர் ஒருவர் வந்து இந்தப் பளபளப்பில்லாத கருப்பைக் கேட்பது இதுதான் முதல் தடவை.

“யாருக்கு மாமா? மருமவனுக்கா?”

“எனக்குத்தான்.”

யேசுதாசன் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய புல்லட் வாசலில் நின்றது. மெரூன் நிறம், டேங்கில் இரண்டு தங்கக் கோடு. முப்பத்தொரு வருடத்துக்கு முன் கல்யாணத்தின்போது மாமனார் கொடுத்தது.

டேங்கில் முகம் பார்த்துத் தலை சீவலாம். அத்தனை பளபளப்பு. அது யேசுதாசனின் வேலையல்ல. அவர் மனைவி வியாகுலம்மாள் தினமும் காலை ஐந்தரைக்குப் பாலிஷ் போட்டுத் தேய்ப்பாள். அப்பா தந்த வண்டி என்று வேறு யாரையும் தொட விடமாட்டாள்.

“மாமிகிட்ட கேட்டியளா?”

“எதுக்குக் கேக்கணும்? வண்டிய ஓட்டுதது நானாக்கும்.”

ஸ்டெனி மூன்று மாதிரித் தகடுகளை எடுத்து வைத்தான். “இது மினுங்குத கருப்பு. மாமி மனசுக்குப் பிடிக்கும்.”

“வேண்டாம்.”

“இது பாதி மேட். லேசா பாலிஷ் போட்டுக்கிடலாம்.”

“போடலாமா? அப்ப அதுவும் வேண்டாம்.”

“முழு மேட் எடுத்தா பாடு மாமா. பாலிஷே போடப்பிடாது.”

“கொள்ளாம், நல்லதாப் போச்சு.”

“காஞ்ச துணி வச்சுத் தேய்க்கப்பிடாது. தண்ணிய ஊத்தி, நனைஞ்ச துணியால ஒத்தி எடுக்கணும். அம்புட்டுதான்.”

“அழுத்தித் தேய்ச்சா?”

“தேய்ச்ச இடம் மட்டும் மினுங்கி, திட்டுத் திட்டா அசிங்கமாயிரும். பெறவு முழுசா வேற பெயிண்டுதான் அடிக்கணும்.”

யேசுதாசனின் முகம் மலர்ந்துவிட்டது. “கொள்ளாம், கொள்ளாம்! அத அப்படியே ஒரு பேப்பர்ல எழுதித் தா. கொட்ட எழுத்துல.”

“நான் குத்தம் சொல்லச் சொல்ல நீங்க சிரிக்கியளே!”

“நீ எழுதுடே.”

எட்டாம் நாள் வண்டி வீட்டுக்கு வந்தது. பக்கத்து வீட்டுப் பொன்னுலிங்கம் மதில் வழியாக எட்டிப் பார்த்தார்.

“அடிப்பூச்சு கொள்ளாம் வே. பெயிண்டு எப்ப அடிப்பீரு?”

“இதுதான் பெயிண்டு.”

“இதுவா? தோசக்கல்லு கணக்கால்லா இருக்கு! போன மாசம் மீசைக்குக் கருப்படிச்சீரு, இந்த மாசம் வண்டிக்கா? அடுத்த மாசம் கல்யாணப் பத்திரிகை வருமோ?”

சத்தம் கேட்டு வியாகுலம்மாள் வெளியே வந்தாள். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். உள்ளே போய்ப் பாலிஷ் டப்பாவும் துணியும் எடுத்து வந்தாள்.

“தொடாதட்டி!”

யேசுதாசன் குறுக்கே பாய்ந்தார். சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து உரக்க வாசித்தார். மொத்தம் ஏழு விதிகள். நாலாவது விதி, ‘தேய்க்கப்பிடாது’. அதை மட்டும் மூன்று தடவை வாசித்தார்.

“எங்கப்பா குடுத்த வண்டியில தாரப் பூசிட்டு வந்து எனக்கே சட்டம் படிக்கியளா? இந்த வயசுல பயலுவ கணக்க ஷோ காட்டணுமோ?”

“இப்ப எல்லாரும் இதத்தான் அடிக்காங்க...”

துணியை இடது கையால் அவர் முகத்தில் வீசிவிட்டு உள்ளே போனாள்.

அத்தோடு பேச்சு நின்றது. சோறு வந்தது, மீன்குழம்பு வந்தது, வார்த்தை மட்டும் வரவில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் வீட்டுப் பூனையிடம் சொன்னாள். “சோறு வச்சிருக்கு, வேணும்னா தின்னச் சொல்லு.”

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அந்த வண்டியில் ஏறமாட்டேன் என்றும் பூனையிடமே சொல்லிவிட்டு மினி பஸ்ஸில் போனாள். பஸ்ஸுக்குப் பின்னால் யேசுதாசன் தனியாக மேட் பிளாக்கில் போனார். கோயில் வாசலில் நின்ற அத்தனை பேரும் பார்த்துச் சிரித்தார்கள்.

வண்டி வந்த பன்னிரண்டாம் நாள் ஸ்டெனியே தேடி வந்துவிட்டான்.

“மாமா, ஊரே சிரிக்குது. மாமி உங்ககிட்ட பேசுததில்லையாமே? என்னாலயாக்கும்னு நெனச்சா எனக்கு உறக்கமே வரல. வண்டியத் தாங்க. பழைய மெரூனே அடிச்சுத் தாறேன். நாலு நாளு போதும்.”

“இப்ப வேண்டாம். மூணு மாசம் கழியட்டும்.”

“மூணு மாசமும் பூனை வழியாத்தான் பேசுவியளோ?”

“பேசுவேன்.”

“ஊருல உங்கள என்ன சொல்லுதானுவ தெரியுமா? கெளவனுக்குக் கிறுக்குன்னு...”

“சொல்லிட்டுப் போறானுவ.”

“அப்பிடி என்ன மாமா மூணு மாசக் கணக்கு?”

யேசுதாசன் அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்தார். உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நெய்யூர் டாக்டர் சொன்ன கணக்குடே. அவளுக்கு வலது தோள்ல சதை கிழிஞ்சிருக்கு. மூணு மாசம் எதையும் அழுத்தித் தேய்க்கப்பிடாதாம். துணி தோய்க்க மெஷின் வாங்கியாச்சு, வண்டிய மட்டும் விடமாட்டேன்னுட்டா. டாக்டர் சொன்னாரு, கேக்கல. நான் சொன்னேன், கேக்கல. இப்ப பெயிண்டு சொல்லுது, கேக்கா.”