ஒரு போத்தல் தண்ணீர்

"சாருக்கு மொதல்ல நாற்காலியப் போடுங்கலா! உண்மைய வெளிய கொண்டாந்தவரு அவருதான்" என்றார் முருகையா.

ஹேமநாதனுக்குக் கூச்சமாக இருந்தது. நீலாய் ஆய்வுக்கூடத்திலிருந்து கார் ஓட்டிக்கொண்டு கோலா சாவா எஸ்டேட்டுக்கு அவன் வருவது இதுதான் முதல் தடவை. வரும் வழியில் அந்தக் குளத்தைப் பார்த்தான். சுற்றிலும் வேப்பிலை செருகிய கயிறு. கரையில் இறங்கப் போன மாட்டை ஒருவர் மண்ணாங்கட்டி எறிந்து விரட்டிக்கொண்டிருந்தார்.

கூடத்தில் மாலை போட்ட இரண்டு படங்கள். ஒன்று முருகையாவின் இளைய மகன் வசந்தன். மற்றது அவன் அண்ணன் திருநாவுக்கரசு. இரண்டு பேருக்கும் சேர்த்து இன்று ஒரே கருமாதி.

வசந்தனைக் குளத்திலிருந்துதான் பிணமாகத் தூக்கினார்கள். "மீன் புடிக்கப் போனோம். வழுக்கி உழுந்துட்டான். எனக்கு நீச்சல் தெரியாதுப்பா" என்று அண்ணன் கதறினான். முதல் நாள்தான் இருவரும் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டிருந்தார்கள். போலீசுக்குச் சந்தேகம். வசந்தனின் எலும்பு மஜ்ஜை சோதனைக்காக ஹேமநாதனிடம் வந்தது. அவன் எழுதிக் கொடுத்த முடிவு, அண்ணனைப் பொய்யனாக்கியது.

ஜாமீனில் வந்தவன் நேராக வீட்டுக்குத்தான் வந்தான். அம்மா மயிலம்மாள் கதவைத் திறக்கவில்லை. மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனவன், ரெம்பாவ் ரோட்டில் செம்பனைக் குலை ஏற்றிய லாரியில் மோதிச் செத்தான். தவறிப்போய் மோதினானா, தெரிந்தே மோதினானா? அதைக் கண்டுபிடிக்க எந்த ஆய்வுக்கூடத்திலும் வழியில்லை.

மயிலம்மாள் ஹேமநாதனின் காலடியில் வந்து உட்கார்ந்தாள்.

"தம்பி, அந்தச் சோதன தப்பா வராதுல்ல?"

"எத்தன தடவதான் கேப்ப? போன்லயே சாரு சொல்லிட்டாருல்ல" என்றார் முருகையா.

"கேக்கட்டும்ணே" என்றான் ஹேமநாதன். தான் ஆராயும் பாசிகளைப் பற்றி யார் கேட்டாலும் அவன் சொல்வான். இந்தத் தாய்க்கு இன்னும் நூறு தடவை சொல்லத் தயாராக இருந்தான். நாற்காலியை விட்டு இறங்கி அவள் எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"குளமோ ஆறோ, எல்லாத் தண்ணியிலயும் கண்ணுக்குத் தெரியாத பாசி இருக்கும்மா. அதுக்குக் கண்ணாடி மாதிரி ஒரு ஓடு. உயிரோட முங்குற ஆளு மூச்சுக்குத் தவிக்கும்போது தண்ணிய உள்ள இழுப்பான். பாசி நுரையீரலத் தாண்டி ரத்தத்துல கலந்துரும். நெஞ்சு துடிக்கிற வரைக்கும் ரத்தம் அதத் தள்ளிக்கிட்டே போயி எலும்புக்குள்ள சேத்துரும். செத்தப்புறம் தூக்கிப் போட்டிருந்தா நெஞ்சு துடிக்காது. பாசியும் அவ்வளவு தூரம் போவாது."

"என் புள்ள எலும்புல இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. உயிரோடதான் முங்கியிருக்கான்."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "அப்பறம்?"

"ஒவ்வொரு தண்ணியிலயும் வேற வேற பாசி. ஒவ்வொரு பாசிக்கும் ஒரு தனிப் புரதம், நம்ம கைரேக மாதிரி. போலீஸ் குளத்துத் தண்ணிய எடுக்க மறந்துட்டாங்க. நான்தான் போன் போட்டு ஒரு போத்தல் கொண்டாரச் சொன்னேன். உங்க வீட்டுக்காரருதான் கொண்டாந்து குடுத்தாரு. எலும்புல இருந்த பாசியையும் அந்தப் போத்தல் தண்ணியையும் ஒப்பிட்டுப் பாத்தேன். ஒன்னுகூட ஒத்துப் போவல."

"அப்படின்னா, அவன் குளத்துல முங்கல?"

"வேற எங்கயோ முங்கியிருக்கான். அப்பறந்தான் யாரோ குளத்துல கொண்டாந்து போட்டிருக்காங்க."

யார் என்று அவள் கேட்கவில்லை. பெரியவன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கதவுக்கு வெளிய நின்னு 'அம்மா, ஒரு வா தண்ணி குடும்மா'ன்னான் பெரியவன். அது மட்டுந்தான் கேட்டான். தம்பியக் கொன்னவனுக்குத் தண்ணியான்னு நான் உள்ளயே உக்காந்திருந்தேன்." ஹேமநாதனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் செஞ்சது சரிதானே? நீங்க சொன்னா எனக்குத் தூக்கம் வரும்."

ஹேமநாதன் தலையாட்டினான்.

"நேரமாவுதுலா, வாங்க!" என்று வாசலில் பூசாரி குரல் கொடுத்தார். எல்லாரும் குளத்துக்கு நடந்தார்கள். மயிலம்மாளை முருகையா கைத்தாங்கலாக அழைத்து வந்தார்.

பூசாரி எலுமிச்சம்பழத்தை அறுத்து வீசினார். வேப்பிலைக் கயிற்றை அவிழ்த்துவிட்டு இறங்கி, செம்பு நிறையத் தண்ணீர் மொண்டார். செம்மண்ணும் பாசியுமாகக் கட்டிச் சாயம்போல இருந்தது தண்ணீர்.

ஹேமநாதன் செம்பை எட்டிப் பார்த்தான். அந்தப் போத்தலில் இருந்த தண்ணீர் தெளிவாக இருந்தது. வண்டல் அடியில் தங்கியிருக்கும் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டான். இப்போது யோசித்தால், அடியிலும் வண்டல் இருந்ததாக நினைவில்லை.

"அண்ணே, நீங்க குடுத்த தண்ணி இப்படிக் கலங்கலா இல்லையே. குளத்துல எந்தப் பக்கம் மொண்டீங்க?"

மனைவியைப் பிடித்திருந்த கையை எடுக்காமலே முருகையா சொன்னார்.

"குளத்துலயா? ஆள் செத்த தண்ணி, கருமாதி முடியாம யாரு சார் கை வைப்பா? கோயில் தொட்டியில புடிச்சாந்தேன். நல்ல தண்ணி சார்."