கூப்பிட்டால் திரும்பும்

பாவாடைக்குள் அவள் கால் கட்டைவிரலை மடக்கித் தயாராக வைத்திருந்தாள்.

"கூப்பிட்டுப் பாருங்க சார்," என்றார் அப்பா.

நாய்க்குட்டி வாங்க வந்திருந்த சார் கூப்பிடவில்லை. அவருடைய மகள் கூப்பிட்டாள். எட்டு வயது இருக்கும். மதுரையிலிருந்து வரும் வழியெல்லாம் காரில் யோசித்துப் பெயர் வைத்திருந்தாளாம்.

"பொரி."

பாவாடைக்குள் இவள் கட்டைவிரலால் பலகையைத் தட்டினாள்.

குட்டி திரும்பியது.

சிறுமி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்பா, அதுக்குள்ள அதுக்குப் பேரு தெரிஞ்சிருச்சு."

"ராஜபாளையம்னா சும்மாவா பாப்பா," என்றார் அப்பா.

கொட்டகையில் சிமெண்டுத் தரை. குட்டிகளுக்கு ஈரம் ஏறக் கூடாதென்று அதன் மேல் பலகை அடித்திருந்தார்கள். இந்த மூலையில் மிதித்தால் அந்த மூலை அதிரும்.

இந்த ஈற்றில் ஒன்பது குட்டிகள்.

ஒரு மாதம் ஆனதும் அவை தூங்கும்போது அப்பா ஒரு சில்வர் தட்டைக் கரண்டியால் அடித்துப் பார்த்தார். எட்டு குட்டிகள் அலறிக்கொண்டு எழுந்தன.

ஒன்று தூங்கிக்கொண்டே இருந்தது.

ஒரு பொட்டுக்கூட இல்லாத வெள்ளை. ரோஜா நிற மூக்கு. தேடி வருகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் கேட்பார்கள். விலையும் இதற்குத்தான் அதிகம்.

வெள்ளையோடு வெள்ளையையே சேர்க்காதீர்கள், குட்டிக்குக் காது போகும் என்று கால்நடை டாக்டர் போன வருடமே சொல்லியிருந்தார். அப்பா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். டாக்டரின் வண்டி தெரு திரும்பியதும், "புள்ளி விழுந்த குட்டியை இவரா வாங்குவாரு?" என்றார்.

போன ஈற்றிலும் ஒன்றுக்குக் காது இல்லை. ஒருநாள் காலையில் பார்த்தபோது அது இல்லை. மூலையில் கிடந்த சாக்கும் இல்லை.



இந்தக் குட்டியைப் பழக்கியது அவள்தான்.

பால் தட்டு வைக்கும் சத்தத்துக்கே மற்ற எட்டும் ஓடி வந்துவிடும். இது மோப்பம் பிடித்து வந்து சேரும்போது அவை தட்டை நக்கி முடித்திருக்கும். ஒருநாள் அவள் குதிகாலால் பலகையைக் குத்திப் பார்த்தாள். திரும்பியது. மறுநாள் அதற்கு மட்டும் தனியாக ஒரு கிண்ணம் வைத்துக்கொண்டு குத்தினாள். விழுந்தடித்து வந்தது. சில நாளில் குதிகால் தேவைப்படவில்லை. கட்டைவிரலே போதும் என்றாயிற்று.

அது அவர்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது.

அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

அவர் திட்டவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் தலையில் கை வைத்தார்.

"கெட்டிக்காரி," என்றார்.

அப்போது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசியது.

"பொரி."

தட்டினாள்.

"பொரி."

தட்டினாள்.

சிறுமிக்கு விளையாட்டாகிவிட்டது. குட்டியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு உதட்டை மட்டும் அசைத்தாள். குரலே வரவில்லை.

இவள் அந்த உதட்டைப் பார்த்துத் தட்டிவிட்டாள்.

குட்டி திரும்பியது.

"அடேயப்பா, பாம்புக் காதா இருக்கே," என்று சார் சிரித்தார். அப்பாவும் சிரித்தார்.

சிறுமி குனிந்து பலகையைப் பார்த்தாள். பிறகு குட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள்.

மண்தரையில் இறக்கிவிட்டுக் கூப்பிட்டாள். குட்டி ஒரு செருப்பை மோந்துகொண்டிருந்தது. மறுபடியும் கூப்பிட்டாள்.

"புது எடம்ல. வேடிக்கை பாக்குது," என்றார் அப்பா.

அவள் சிறுமியின் பக்கத்தில் போய் நின்றாள். இதுக்குக் காது கேக்காது என்று சொல்ல வாயெடுத்தாள். மூலையில் கிடந்த அந்தச் சாக்கு ஞாபகம் வந்தது.

"உங்க வீட்டுல தரை எப்படி?" என்று கேட்டாள்.

"டைல்ஸ்."

அவள் கொட்டகைக்குள் போனாள். ஓரத்தில் ஆணி கழன்றிருந்த பலகையைப் பிடுங்கினாள். ஒரு முழ நீளம்தான். பாவாடையால் தூசியைத் துடைத்துக்கொண்டு வந்து நீட்டினாள்.

"இதையும் கொண்டு போ. இது மேல விட்டாத்தான் அது..."

அப்பா அவளைப் பார்த்தார்.

"...தூங்கும்," என்றாள்.

"பொறந்த வாசம் இருக்கட்டும்னு பிள்ளை ஆசையா குடுக்குது சார்," என்றார் அப்பா.

சார் பலகையை வாங்கிப் பின் சீட்டுக்குக் கீழே, சிறுமி கால் வைக்கும் இடத்தில் போட்டார். குட்டியை அதன் மேல் விட்டார். முன்னால் போய் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். பின் கதவு இன்னும் திறந்திருந்தது.

குட்டி வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. இவள் காலையே பார்த்தது.

"பொரி," என்றாள் சிறுமி.

அது திரும்பவில்லை.

"பொரி."

திரும்பவில்லை.

குட்டி பார்த்துக்கொண்டிருந்த காலைச் சிறுமியும் பார்த்தாள். பிறகு ஷூவைக் கழற்றினாள். வாயைத் திறக்காமல், கட்டைவிரலால் பலகையை ஒரு தட்டு தட்டினாள்.

குட்டி சட்டென்று திரும்பி அவள் முகத்தைப் பார்த்தது.

சிறுமி குட்டியைப் பார்க்கவில்லை. கதவு வழியாக நேரே இவளைப் பார்த்தாள்.

அடுத்து அவளுடைய அப்பாவைக் கூப்பிடுவாள் என்று இவள் காத்துக்கொண்டு நின்றாள்.

"கதவைச் சாத்தும்மா, போலாம்," என்றார் சார்.

சிறுமி கதவைச் சாத்தினாள்.

இவள் பாவாடையைக் கீழே இழுத்துக் காலை மூடிக்கொண்டாள்.