ஒன்பதாவது ஜன்னல்

நீலம் சரியாக அமையவில்லை.

மூன்றாவது முறையாக ஒட்டிய காகிதத்தை நகத்தால் சுரண்டி எடுத்தாள். அடியிலிருந்த அட்டையும் கூடவே உரிந்து வந்தது. அதோடு அந்த அட்டையின் ஆயுள் முடிந்தது.

மேசையில் எட்டு அட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் சீட்டுக்கட்டின் ஒரு சீட்டு அளவு. வரிசைக்கு மூன்றாக அடுக்கியதில் கடைசி வரிசையில் ஓர் இடம் காலி.

எட்டிலும் ஜன்னல். தீக்குச்சியில் சட்டம், காயத்துக்குக் கட்டும் துணியில் திரை, அதற்குப் பின்னால் பொடிப்பொடியாகக் கோடு போட்ட நீலக் காகிதம்.

நாலரைக்குத் தபால் நிலையத்தை மூடிவிடுவார்கள்.

தபாலில் அட்டைகளை மாற்றிக்கொள்ளும் ஒரு சிறு குழு. அவளைப்போல் அட்டை செய்கிற எட்டுப் பேருக்கு ஆளுக்கொன்று, குழுவை நடத்துகிறவருக்கு ஒன்று. விற்கக்கூடாது, கொடுத்து வாங்கத்தான் வேண்டும். ஒன்பது போனால் ஒன்பது வரும். அளவு ஒரு நூல்கூட மாறக்கூடாது. பின்பக்கம் பெயரும் தேதியும் எண்ணும் கையால் எழுதியிருக்க வேண்டும். இந்த மாதத் தலைப்பு ஜன்னல். ஒன்று குறைந்தாலும் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பத்திரிகையிலிருந்து ஒரு கடல் படத்தை வெட்டி வைத்துப் பார்த்தாள். பளபளத்தது. வண்ணம் தீட்டிப் பார்த்தாள். ஈரத்தில் காகிதம் உப்பி, அழுது வீங்கிய முகம்போல் ஆனது. துணிக்கடைப் பையை வெட்டினாள். வெட்டிய பிறகுதான் தெரிந்தது, அது நீலமே இல்லை, கத்தரிப்பூ நிறம்.

கத்தரிக்கோலை மேசையில் எறிந்தாள்.

அந்த நீலம் எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். எரிச்சலே அதனால்தான்.

அது தபால் உறையின் உள்பக்கம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து யாரும் கடிதத்தைப் படித்துவிடக்கூடாதென்று சில அலுவலகங்களில் உறைக்குள் அப்படி அச்சடித்து வைப்பார்கள். அவளிடம் வந்து சேர்ந்ததெல்லாம் ஒரே அலுவலகத்தின் உறைகள். அரை வருடத்துக்கு ஒன்றாக, நான்கு வருடத்தில் எட்டு.

எட்டுக் கடிதத்திலும் ஒரே வரி. குழந்தையைத் தத்தெடுக்க நீங்கள் கொடுத்த விண்ணப்பம் காத்திருப்போர் பட்டியலில் உள்ளது. கடிதத்தைக் கணவர் கோப்பில் போட்டு வைப்பார். உறையை அவள் எடுத்துக்கொள்வாள். பழைய அட்டைகளுக்கு வெட்டியது போக மிஞ்சிய நீலம் இந்த எட்டு ஜன்னலோடு தீர்ந்துவிட்டது.

ஒன்பதாவது உறை ஐந்து நாளாக ஃபிரிட்ஜின் மேல் கிடந்தது. பிரிக்கவில்லை.

கணவர் பேருந்து ஓட்டுகிறவர். அடுத்த அறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு திங்கட்கிழமைக்கான சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"அதப் பிரிச்சா நீலமும் கிடைக்கும், விஷயமும் தெரியும்," என்றார் தலை நிமிராமல்.

"நீங்க பிரிக்க வேண்டியதுதானே?"

"எட்டையும் நான்தானே பிரிச்சேன். என் கைராசி உனக்குத் தெரியாதா?" சற்றுப் பொறுத்து, "எட்டு ஜன்னல் வச்சிருக்க. ஒண்ணுலகூட ஆளக் காணோம்," என்றார்.

இஸ்திரிப்பெட்டி ஈரத்துணியில் சீறியது.

இந்த முறை கனமாக இருக்கிறதென்று உறை வந்த அன்றே அவர் சொல்லியிருந்தார். அவள் பயந்ததும் அந்தக் கனத்துக்குத்தான். தத்தெடுக்க வயது வரம்பு உண்டு; அவருக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. பட்டியலிலிருந்து பெயரை நீக்கிவிட்டோம், உங்கள் சான்றிதழ்களை இத்துடன் திருப்பி அனுப்புகிறோம் என்று எழுதினால் உறை இப்படித்தான் கனக்கும்.

மணி மூன்றே முக்கால்.

எழுந்து போய் உறையை எடுத்து வந்தாள். படிக்கப் போவதில்லை. நீலம் மட்டும் போதும். உள்ளே இருப்பதை அவர் பாட்டுக்குப் படித்துக்கொள்ளட்டும்.

மூன்று ஓரமும் கத்தரித்து உறையைப் புத்தகம்போல் விரித்தாள்.

உள்ளே வெள்ளை.

ஒரு கோடுகூட இல்லை. நான்கு வருடமாக ஒரே மாதிரி உறையில் அனுப்பியவர்களுக்கு இன்றைக்குத்தானா அது தீர்ந்துபோக வேண்டும்? மடித்திருந்த கடிதத்தோடு சேர்த்து உறையை அப்படியே ஓர் உதறு உதறினாள்.

கடிதத்தின் மடிப்பிலிருந்து ஓர் அட்டை நழுவி மேசையில் கவிழ்ந்து விழுந்தது.

தன் அட்டைகளில் ஒன்றுதான் கை தட்டி நகர்ந்துவிட்டது என்று நினைத்தாள். அதே அளவு. பின்பக்கம் கையால் எழுதிய ஒரு பெயர், ஒரு தேதி, ஓர் எண். விதிப்படி எல்லாம் இருந்தது.

எண்ணிப் பார்த்தாள். எட்டும் அதனதன் இடத்தில் இருந்தன.

கையெழுத்து அவளுடையது இல்லை. தேதிக்கு முன்னால் 'பிறப்பு' என்றிருந்தது; இரண்டு வருடம் நான்கு மாதத்துக்கு முந்தையது. ஓரம் லேசாக மேல்நோக்கி வளைந்திருந்தது, புகைப்படத் தாள் வளைவதுபோல.

பக்கத்தில் பசை சிந்திக் கிடந்தது. அதில் படாமல் அளவுகோலின் முனையால் அதை மெல்லத் தள்ளினாள். கடைசி வரிசையின் காலி இடத்தில் போய் நின்றது.

திருப்பிப் பார்க்கக் கையை நீட்டினாள். விரலெல்லாம் பசை. சுரண்டிய நீலம் நகக்கண்ணில் அப்பியிருந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டாள்.



"ஏங்க," என்றாள். "உங்க கை சுத்தமா இருக்கா?"

அடுத்த அறையில் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது.