குமிழிச் சோதனை

கைவிட்ட எரிவாயுக் கிணற்றைச் சிமென்ட்டால் அடைத்ததும், குழாயின் வாயில் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் பார்ப்போம். குமிழி வராவிட்டால்தான் மண் மூடி, நிலத்தைத் திருப்பிக் கொடுக்கலாம்.

இந்தக் கிணற்றில் நிமிடத்துக்குப் பதினாறு குமிழிகள் வந்தன. வாயுவைச் சோதிக்கும் கருவியை நீட்டினேன். வந்தது எரிவாயு இல்லை. மனிதர் வெளிவிடும் மூச்சில் இருக்கும் அதே கலவை.

நிலத்துக்கார அக்கா எட்டிப் பார்த்தார். "என்ன தங்கச்சி, இதுக்கு வாயுத்தொல்லை இன்னும் தீரலையா? பதினோரு வருஷமா தரிசாக் கிடக்கு."

"இன்னும் ஆழமா அடைக்கணும்க்கா."

நான் சொன்னதைக் கேட்டதுபோல் குமிழிகள் சட்டென்று நின்றன. அடுத்த பத்து நிமிடமும் வரவில்லை.

"தேறிடுச்சுல்ல?"

விதிப்படி தேறிவிட்டது. கையெழுத்துப் போட்டேன். அக்கா சிரித்தபடி மண்வெட்டியை எடுத்தார்.

அப்போது ஒரே ஒரு பெரிய குமிழி மேலே வந்து, மெதுவாக உடைந்தது.