பருந்து பார்த்துக்கும்

“சார், பெட்டியை மேல வெச்சிடுங்களேன்” என்று விமானப் பணிப்பெண் மறுபடியும் வந்து நின்றாள்.

“வேண்டாங்க, உடையற பொருள்.” பெற்ற பிள்ளையைப் போல அணைத்திருந்த பெட்டியை முன்சீட்டுக்கு அடியில் தள்ளி, இரண்டு காலாலும் அணை கட்டினான் அவன். அதற்குப் பிறகுதான் அவள் நகர்ந்தாள்.

பக்கத்து சீட்டு அம்மாளுக்கு வாய் சும்மா இருக்குமா? “பொம்மையா தம்பி?”

“பொம்மை மாதிரிதாம்மா. உடைஞ்சுபோச்சு. ரிப்பேர் பண்ணி எடுத்துட்டுப் போறேன்.”

ஒரு பொம்மைக்கா இத்தனை பாடு என்று நினைத்தபடி அந்த அம்மாள் தன் ஆங்கிலப் பாடப் புத்தகத்தைத் திறந்தார். “பொண்ணுக்குப் பிரசவ நேரம். மாப்பிள்ளைக்கு நம்ம பாஷை ஒரு வார்த்தை வராது. அதான் இந்த வயசுல இங்கிலீஷ் க்ளாஸ்!”

இறங்கும் நேரத்தில் விமானியின் குரல் கேட்டது. ஓடுதளத்தின் மேல் பறவைக் கூட்டமாம். அது கலையும்வரை வட்டமடிக்கப் போகிறார்களாம்.

விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பியது. அவன் முகம் வெளிறிவிட்டது. குனிந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

“ஃப்ளைட்ல போறது முதல் தடவையா தம்பி?”

அவன் இல்லையென்று தலையாட்டினான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்த அம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. புத்தகத்தில் சரக்கும் இருந்தது, விடுவாரா?

“போன வாரப் பாடமே இதான், கேளுங்க. பறவை இன்ஜினுக்குள்ள போனா ஆபத்து. அதுக்காக மெஷின்லயே ஒரு பருந்து செஞ்சிருக்காங்க. அசல் பருந்து மாதிரியே ரெக்கை அடிக்கும். கீழ இருந்து ரிமோட்ல ஓட்டுவாங்க. அதைக் கண்டதும் மத்ததெல்லாம் தலைதெறிக்க ஓடிடும். நாம இறங்கப்போற ஊர்லயே இருக்காம், போட்டோகூட போட்டிருக்கு!”

“தெரியும்மா.”

“தெரிஞ்சுமா இப்படி நடுங்கறீங்க? நல்ல ஆளு!”

மறுபடியும் அறிவிப்பு. பறவைகள் கலைந்தபாடில்லை. இன்னும் ஒரு சுற்று பார்ப்பார்கள், இல்லையென்றால் வேறு ஊரில்தான் இறக்குவார்கள். பின்சீட்டில் ஒருவர் சத்தமாகவே கடவுளைக் கூப்பிட ஆரம்பித்தார். ஒரு குழந்தை வீறிட்டது.

“ஐயோ, வேற ஊரா? என் பொண்ணு வலியில என்னைத் தேடுவாளே!” அந்த அம்மாளுக்கும் ஒரு கணம் கண் கலங்கிவிட்டது. உடனே புத்தகத்தைப் பார்த்துத் தைரியம் வரவழைத்துக்கொண்டார். “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. இந்நேரம் பருந்தைக் கிளப்பியிருப்பாங்க. அது பறந்தா நாம இறங்கிடலாம், அவ்வளவுதானே?”

அவன் கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்தான். “அங்க எத்தனை பருந்து இருக்குன்னு போட்டிருக்கும்மா?”

அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, வரிக்கு அடியில் விரலை ஓட்டினார். “ஒண்ணே ஒண்ணுதான். அந்த ஒண்ணே போதும்னு போட்டிருக்கே!”

அவன் குனிந்து பார்த்தான்.

“அந்த ஒண்ணு என் காலடியில இருக்கும்மா.”