ஆறாவது ஆள்

ஐந்தாம் மாடி தாண்டியதும் சிவப்புப் பொத்தானை அவளேதான் அமுக்கினாள்.

லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றது. கையிலிருந்த டிபன் கேரியர் சுவரில் இடித்தது. மணியையும் அமுக்கிவிட்டு, கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு காத்திருந்தாள்.

தலைக்கு மேலிருந்த ஸ்பீக்கரில் மெக்கானிக்கின் குரல் வந்தது.

மெக்கானிக் என்றால் அவள் புருஷன்தான். மொட்டை மாடி மோட்டார் அறையில் பன்னிரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறான். அவளோடு குடித்தனம் நடத்துவதும் அதே பன்னிரண்டு வருஷமாகத்தான்.

"பயப்படாதீங்க மேடம். மோட்டார் நல்லாத்தான் இருக்கு. எதனால நின்னுச்சுன்னு பார்க்கிறேன். தனியாவா இருக்கீங்க?"

"ம்" என்றாள் கைக்குட்டைக்குள்ளிருந்து.

பயப்படாதீங்களாம். இருக்கீங்களாம். அவளிடம் பேசும்போது மட்டும் இந்த 'ங்க' எல்லாம் எங்கே போய் ஒளிந்துகொள்கிறதோ தெரியவில்லை. வீட்டில் அவன் வாயிலிருந்து விழுவது மொத்தமே மூன்று வார்த்தை. சாப்பிடும் முன் "போடு". சாப்பிட்ட பின் "போதும்". படுக்கும்போது விளக்கைக் காட்டி "அணை".

எல்லாம் ஏழாம் மாடிப் பல் டாக்டரம்மா பற்றவைத்தது. போன வாரம் அந்த அம்மா இதே லிஃப்டில் நாற்பது நிமிஷம் மாட்டிக்கொண்டாளாம். நேற்று வாசலில் இவளைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குப் பயம் தெரியக்கூடாதுன்னு உங்க வீட்டுக்காரர் ஒரு கதை சொன்னார் பாருங்க. லிஃப்ட் ஓட ஆரம்பிச்சதும், ஏன்டா ஓடுதுன்னு ஆயிடுச்சு. யார் கொலைகாரன்னு நான் என்ன நினைக்கிறேன்னு வேற கேட்டார். நீங்க கொடுத்து வச்சவங்க."

கொடுத்து வைத்தவளுக்கு அப்போது பிடித்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

அந்த மாதிரிக் கதைகள் என்றால் அவனுக்கு உயிர். ஓடும் ரயில் பெட்டி, மூழ்கும் கப்பலின் அறை, சுரங்கத்தில் சிக்கிய நாலு பேர். கட்டிலுக்கடியில் பழைய புத்தகங்களாக அடுக்கி வைத்திருக்கிறான். கல்யாணமான புதிதில் அவள் ஒருமுறை, அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டாள். உனக்குப் புரியாது என்று பக்கத்தைப் புரட்டினான்.

பல் டாக்டரம்மாவுக்கு மட்டும் புரியும் போலிருக்கிறது. அவளிடம் விளக்கமாகவே சொல்லியிருக்கிறான். தப்பித்து ஓட இடமில்லாத கதைதான் கதையாம். கதவு மூடியிருக்க வேண்டுமாம். உள்ளே இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே ஆகவேண்டுமாம்.

இவர்கள் இருப்பதும் ஒன்றரை அறை வீடுதான். ஓட இடமில்லை. ஆனால் அங்கே அவன் பார்ப்பது புத்தகத்தின் முகத்தை.

"பத்து நிமிஷம் ஆகும் மேடம். அதுவரைக்கும் ஒரு கதை சொல்லட்டுமா?"

"ம்."

இதற்காகத்தான் வந்தாள். கதைகூட அவளுக்கு அவ்வளவு முக்கியமில்லை. முடியும்போது அவன் கேட்கும் அந்தக் கேள்விதான் வேண்டும். அவள் என்ன நினைக்கிறாள் என்று இதுவரை அவன் கேட்டதே இல்லை, கத்தரிக்காய் வாங்குவதில்கூட.

சொல்ல ஆரம்பித்தான். இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு ரோப் கார். கதவுக்கு வெளியே பூட்டு. கீழே அதலபாதாளம். பாதி வழியில் வண்டி நின்று, விளக்கும் அணைந்துவிடுகிறது. மறுபடி விளக்கு எரியும்போது, உள்ளே இருந்தவர்களில் நகைக்கடைக்காரரைக் காணோம். கதவு பூட்டினபடியே இருக்கிறது.

அவனுக்கு இப்படி ஒரு குரல் இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினான். தணிக்க வேண்டிய இடத்தில் தணித்தான். அவள் தன்னை அறியாமல் டிபன் கேரியரை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"உள்ளே இருந்தது மொத்தம் ஆறு பேர் மேடம்."

ஆறா? பல் டாக்டரம்மா விரல்விட்டு எண்ணிச் சொன்னது ஐந்து. நகைக்கடைக்காரர், மச்சினன், நர்ஸ், வக்கீல், டிக்கெட் கிழிப்பவர்.

"ஆறாவது ஆள், மூலையில ஒரு அம்மா. மடியில ஒரு பை. வாயே திறக்கல. ஆனா அவங்க கண்ணு மட்டும் எல்லாத்தையும் பார்த்துக்கிட்டே இருக்கு. அந்த வண்டியில உருப்படியா ஒரு ஆள்னா அவங்கதான். மத்தவங்களுக்குத்தான் அது தெரியல."

குரல் இன்னும் இறங்கி, பக்கத்தில் வந்து சொல்வது போலிருந்தது.

அவளுக்குத் தாங்கவில்லை. பல் டாக்டருக்கே சொல்லாததை, முகம் தெரியாத இந்த மேடத்துக்குப் புதிதாகச் சேர்த்துச் சொல்கிறான். யார் இவள், இப்படிக் கொஞ்சிக் கதை சொல்ல? அந்த மேடம் தான்தான் என்பது ஒரு நொடி அவளுக்கு மறந்தே போயிற்று. நினைவு வந்த பிறகும் பொறாமை போகவில்லை. கைக்குட்டை நனைந்திருந்தது.

இதோ, கேட்கப் போகிறான். கேட்டாலும் அந்தக் கேள்வி இவளுடையது இல்லை. லிஃப்டில் மாட்டிக்கொண்ட யாரோ ஒரு மேடத்தினுடையது.

"விளக்கு எரிஞ்சதும், தள்ளினது யாருன்னுதான் எல்லாரும் தேடுறாங்க. வண்டியை நிறுத்தினது யாருன்னு ஒருத்தரும் கேக்கல. வண்டியில ஒரு கோளாறும் இல்ல. உள்ளே இருக்கிற ஆள்தான் நிறுத்தியிருக்கணும்."

ஸ்பீக்கர் கரகரத்துவிட்டு அடங்கியது.

"நீ என்ன நினைக்கிற?"