மேட்டு லயம் தனி

“இனி மேட்டு லயம் தனி. கோயில் கமிட்டியை விட்டு நாங்க பிரிஞ்சு போறோம்” என்றார், மேட்டில் உள்ள அந்த வரிசை வீடுகளுக்காகப் பேசிய நல்லமுத்து.

தேயிலைத் தோட்டத்தில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மாரியம்மன் திருவிழாவுக்குப் பத்து நாள்தான் இருந்தது. செயலாளர் பிரதாப்புக்கு இதுதான் முதல் திருவிழா. ‘இவன் வந்துதான் கமிட்டி உடைஞ்சது’ என்று பேர் வந்துவிடுமே என்று பயந்தான்.

“உங்களுக்கு என்னங்கண்ணே குறை?”

“ஒரு குறையும் இல்ல. பிரியணும், அவ்வளவுதான்.”

தலைவர் வீரய்யா கொதித்தார். “குறை இல்லாம எவனாவது பிரிவானா? தம்பி, நீதான் கேம்பஸ்ல அரசியல் படிச்சவன். ஒரு மாநிலம் நெனச்சா நாட்டை விட்டுப் போயிடலாமா?”

எல்லோரும் பிரதாப்பைப் பார்த்தார்கள்.

“அநியாயம் நடந்திருந்தாத்தான் பிரியலாம்னு சில பேர் சொல்றாங்க. அங்க உள்ள சனம் விரும்பினாலே போதும்னு சில பேர் சொல்றாங்க.”

“நீ என்ன சொல்ற?”

“நான் பரீட்சையில ரெண்டு பக்கமும் எழுதினேங்க. அப்படித்தான் பாஸ் பண்ணினேன்.”

களமே சிரித்தது.

“எங்க சனம் விரும்புது” என்று நல்லமுத்து ஒரு தாளை நீட்டினார். “பதினாலு வீட்டுக் கையெழுத்தும் இருக்கு.”

“தனிக் கொடி ஏத்துவீங்களோ?” என்றாள் பின்னாலிருந்து ராசம்மா.

“உன் பழைய சேலை ஒண்ணு குடு, ஏத்திடுறோம்.”

பூசாரி சின்னத்தம்பி மெதுவாக எழுந்தார். “முப்பது வருசமா கரகம் தூக்குறேன். கமிட்டியில உள்ள ஒரு வாசலையும் நான் விட்டதில்ல. நீங்க பிரிஞ்சா மேட்டுக்குக் கரகம் வராது, நல்லமுத்து.”

“வர வேணாங்க.”

பூசாரியின் முகம் சுண்டிப்போனது. கோயில் பக்கம் நடந்தார்.

“போறவங்க போகட்டும்! எழுதுப்பா!” என்று வீரய்யா கத்தினார். பிரதாப் எழுதினான்.

கூட்டம் கலைந்ததும் அவன் நல்லமுத்துவின் பின்னாலேயே ஓடினான்.

“அந்த மனுசனை இப்படி நோகடிச்சிட்டீங்களே! ஆத்தாளையே வர வேணாம்னு சொல்ற அளவுக்கு என்னங்க வீம்பு?”

நல்லமுத்து சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்துக் கொடுத்தார். மேட்டு லயத்தை மறுபடியும் கமிட்டியில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி மனு. அதே பதினாலு கையெழுத்து. திருவிழா முடிந்த மறுநாள் தேதி.

பிரதாப்புக்குத் தலை சுற்றியது. “நான் படிச்சதுல இப்படி ஒண்ணு வரவே இல்லையே... அப்ப எதுக்குங்க பிரிஞ்சீங்க?”

“போன வருசம் பூசாரி கரகத்தோட மேட்டுப் படி எல்லாம் ஏறி வந்து, நெஞ்சைப் புடிச்சிக்கிட்டு எங்க லயத்துல சாஞ்சிட்டாரு. ‘வெளிய சொல்லாதீங்க, கரகத்தைப் புடுங்கிடுவாங்க’ன்னு எங்களைக் கையெடுத்துக் கும்பிட்டாரு, தம்பி. ஆத்தாளைக் கும்பிட நாங்க கீழ இறங்கி வந்துக்குறோம்.”

“ஏறி வராதீங்கன்னு அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமே?”

“சொல்லிப் பாத்தாச்சு. கமிட்டியில உள்ள வாசலை விட மாட்டாராம். அதான், நாங்க கமிட்டியில இல்லாமப் போயிட்டோம்.”